இளவேனிலின் கடைசி வரவு

நுழையும்முன்

பருவம் மாறும்போது பறவைகள் ஓரிடம் விட்டு வேறிடம் செல்வதை வலசை என்கிறோம். ஒரு சிறு பறவையின் முதுகில் நுண்கருவியைப் பொருத்தி, அது கடக்கும் கடலையும் பாலைவனத்தையும் இன்று வரைபடத்தில் காண முடிகிறது. பறவைகள் குளிர்காலத்தில் எங்குச் செல்கின்றன என்பதே தெளிவாகாத 18-ஆம் நூற்றாண்டில், தம் சிற்றூரை விட்டு அதிகம் வெளியே செல்லாத ஒருவர் அவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தார். இளவேனிலில் எந்தப் பறவை எந்த நாளில் வந்தது என்று ஆண்டுதோறும் எழுதி வைத்தார். பறவை நோக்கலின் முன்னோடியாகப் போற்றப்படும் கில்பர்ட் ஒயிட்டின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஊரும் பிறப்பும்

இங்கிலாந்தின் தென்பகுதியில் ஹாம்ப்ஷயர் என்னும் மாவட்டம் உள்ளது. அதில் சுண்ணக்கல் குன்று ஒன்றன் அடிவாரத்தில் அமைந்த சிற்றூர் செல்போர்ன். ஒரே நீண்ட தெரு, பழைமையான தேவாலயம், அதன் முற்றத்தில் முதிர்ந்த யூ மரம், ஊருக்கு மேலே பீச் மரங்கள் அடர்ந்த செங்குத்தான சரிவு ஆகியவை அன்று அவ்வூரின் அடையாளங்களாக இருந்தன. அச்சரிவை ஊரார் ஹேங்கர் என்று அழைத்தனர்.

1720-ஆம் ஆண்டு சூலை 18-ஆம் நாள் கில்பர்ட் ஒயிட் அவ்வூரில் பிறந்தார். அப்போது அவருடைய தாத்தா செல்போர்ன் தேவாலயத்தின் குருவாக இருந்தார். பேரனுக்கும் தாத்தாவின் பெயரே சூட்டப்பட்டது. ஒயிட் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஓரியல் கல்லூரியில் கல்வி பயின்று, 1743-இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே அக்கல்லூரியின் ஆய்வுறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர்ச் சமயப் பணிக்கான திருநிலைப்பாட்டையும் பெற்றார்.

அவர் விரும்பியிருந்தால் வேறு ஊர்களில் வளமான பதவிகளை ஏற்றிருக்கலாம். அத்தகைய வாய்ப்புகள் சில வந்தபோதும் அவற்றை ஏற்காமல், செல்போர்னிலேயே வாழ விரும்பினார். அவ்வூர்த் தேவாலயத்தின் தலைமைக் குருவை நியமிக்கும் உரிமை மற்றொரு கல்லூரியிடம் இருந்தது. அதனால் தம் சொந்த ஊரில் அப்பதவியை அவர் ஒருபோதும் பெற இயலவில்லை. துணைக் குருவாகவே பணியாற்றினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. கோச்சு வண்டியில் சென்றால் தலைசுற்றலும் குமட்டலும் அவரை வாட்டின. ஆதலால் குதிரையின்மீது அமர்ந்தே பயணம் செய்தார். தொலைதூரப் பயணத்தை விரும்பாத இவரே, நெடுந்தொலைவு பயணம் செய்யும் பறவைகளைப் பற்றி உலகிற்கு எழுதினார்.

குறிப்பேட்டின் தொடக்கம்

1751-ஆம் ஆண்டில் ஒயிட் தம் தோட்டத்திற்கென ஒரு குறிப்பேட்டைத் தொடங்கினார். எந்த விதையை எந்த நாளில் ஊன்றினார், முலாம்பழக் கொடிக்கு எவ்வளவு உரமிட்டார், உறைபனி எப்போது பெய்தது என்பனவற்றை அதில் எழுதினார். தோட்டத்தில் தொடங்கிய கவனம் மெல்ல வேலிக்கு அப்பாலும் சென்றது. பூக்கும் செடிகளும் பாடும் பறவைகளும் அவருடைய ஏட்டில் இடம்பெறலாயின.

1768 முதல் அவர் அச்சிட்ட படிவங்களைப் பயன்படுத்தத் தொடங்கினார். டெய்ன்ஸ் பேரிங்டன் என்னும் வழக்கறிஞர் வடிவமைத்த அப்படிவத்தில் ஒரு வாரத்திற்கு ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டிருந்தது. வெப்பநிலை, காற்றழுத்தம், காற்றின் திசை, மழையளவு, முதன்முதலாகத் துளிர்த்த மரம், பூத்த செடி, முதன்முதலாகத் தோன்றிய அல்லது மறைந்த பறவை என ஒவ்வொன்றிற்கும் தனிப்பத்தி இருந்தது. அப்படிவங்களை அவர் இறக்கும் ஆண்டுவரை, ஏறத்தாழ 25 ஆண்டுகள் நிரப்பினார்.

அக்காலத்தில் பறவைகளை ஆராய்ந்தோர் பெரும்பாலும் அவற்றைச் சுட்டு வீழ்த்தி, தோலைப் பதப்படுத்தி, இறகுகளையும் அலகையும் அளந்தனர். ஒயிட்டும் சில வேளைகளில் அவ்வழியைப் பின்பற்றியவரே. எனினும் உயிருள்ள பறவை என்ன செய்கிறது, எங்கு உண்கிறது, எப்படிப் பாடுகிறது என்பதே அவரை மிகவும் ஈர்த்தது. இரட்டைக்குழல் தொலைநோக்கி அன்று பறவை நோக்குவோர் கையில் இல்லை. கண்ணும் செவியும் பொறுமையுமே அவருடைய கருவிகள்.

மூன்று குரல்கள்

அவருடைய செவியின் கூர்மைக்குச் சான்றாக ஒரு நிகழ்வைக் கூறலாம். இளவேனிலில் இங்கிலாந்திற்கு வரும் கதிர்க்குருவிகளுள் பசுமஞ்சள் நிறமுடைய சிறு பறவைகள் சில உண்டு. தோற்றத்தில் அவை ஒன்றுபோலவே இருந்தமையால், பலரும் அவற்றை ஒரே இனமாகக் கருதினர். ஒயிட் அவற்றின் பாடலைக் கூர்ந்து கேட்டார். ஒன்று இரண்டே ஒலிகளை மாறி மாறிக் கூவியது. மற்றொன்று இனிமையாகப் பாடியது. மூன்றாவது, உயர்ந்த பீச் மரங்களின் உச்சியில் அமர்ந்து, சிறகை நடுக்கியவாறே வெட்டுக்கிளி போலச் சீறொலி எழுப்பியது.

மூன்று பாடல்கள் இருப்பின் மூன்று இனங்கள் இருத்தல் வேண்டும் என்று அவர் எண்ணினார். பறவைகளைக் கையில் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, அளவிலும் நிறத்திலும் சிறு வேறுபாடுகள் புலப்பட்டன. 1768-ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் விலங்கியல் அறிஞர் தாமஸ் பென்னன்ட்டிற்கு எழுதிய மடலில் இம்முடிவை உறுதியுடன் தெரிவித்தார். இன்று சிஃப்சாஃப், வில்லோ வார்ப்ளர், உட் வார்ப்ளர் என்னும் மூன்று பெயர்களால் அப்பறவைகள் அறியப்படுகின்றன.

இங்கிலாந்தின் வயல்களில் வாழும் மிகச் சிறிய எலி ஒன்றையும் அவரே அந்நாட்டு அறிஞர்களின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். இரண்டு எலிகளைத் தராசில் வைத்தபோது, அவற்றின் எடை ஓர் அரைப்பென்னிச் செப்புக்காசின் எடைக்கு ஈடாக இருந்ததைக் கண்டு பதிவுசெய்தார்.

இருபது பறவைகள்

1769-ஆம் ஆண்டு சூன் இறுதியில் ஒயிட் பேரிங்டனுக்கு ஒரு மடல் எழுதினார். இளவேனில் வலசை முடிந்திருந்த வேளை அது. கோடையைக் கழிக்கச் செல்போர்ன் பகுதிக்கு வரும் 20 பறவைகளை, அவை வந்துசேரும் வரிசையில் அம்மடலில் பட்டியலிட்டார். மார்ச் நடுப்பகுதியில் பட்டியல் தொடங்குகிறது. ஏப்ரல் 13-ஆம் நாளை ஒட்டித் தகைவிலான்கள் வருகின்றன. ஏப்ரல் நடுவில் குக்கூக் குயிலின் குரல் கேட்கிறது. ஏப்ரல் 27 அளவில் உழவாரன்கள் வானில் வட்டமிடுகின்றன. மே மாதத் தொடக்கத்தில் பக்கி என்னும் இரவுப்பறவை வருகிறது. மே 12 அளவில் ஈபிடிப்பான் வந்துசேர, பட்டியல் நிறைவடைகிறது.

ஈபிடிப்பான் எளிய சாம்பல் நிறமுடையது. பெரும்பாலும் ஓசையின்றி இருப்பது. வீட்டுச் சுவரில் படர்ந்த கொடியிடையே கூடு கட்டும் அப்பறவையைப் பலர் கவனிப்பதே இல்லை. கோடைக்கால வலசைப் பறவைகளுள் இறுதியாக வருவது அதுவே என்று ஒயிட் பதிவுசெய்தார். முதலில் வரும் பறவையை ஆர்வத்தால் எவரும் குறித்துவிடலாம். கடைசிப் பறவை வரும்வரை நாள் தவறாமல் நோக்குவதற்குத் தளராத உழைப்பு வேண்டும். ஒயிட்டின் பட்டியல் அவ்வுழைப்பின் பயன்.

வந்த பறவைகளை எண்ணவும் அவர் தவறவில்லை. செல்போர்னில் கூடு கட்டும் உழவாரன்களை ஆண்டுதோறும் கணக்கிட்டு, அவை எட்டு இணைகளாகவே இருப்பதைக் கண்டார். ஓர் இணை ஆண்டிற்கு ஒருமுறை இரண்டு முட்டைகள் இடுகின்றது. அவ்வாறாயின் கோடை முடிவில் பறவைகளின் எண்ணிக்கை இருமடங்காதல் வேண்டும். ஆயினும் அடுத்த மே மாதத்தில் மீண்டும் எட்டு இணைகளே வந்தன. கூடுதலாகப் பிறந்தவை எங்குச் சென்றன என்னும் வினாவை அவர் எழுப்பினார். உயிரினங்களின் எண்ணிக்கை எவ்வாறு கட்டுக்குள் நிற்கிறது என்பது பிற்காலச் சூழலியலின் அடிப்படை வினாக்களுள் ஒன்றாயிற்று.

விடை தெரியாத வினா

இலையுதிர்காலத்தில் தகைவிலான்கள் மறைந்து இளவேனிலில் திரும்புவதை மக்கள் பன்னெடுங்காலமாகக் கண்டுவந்தனர். இடைப்பட்ட மாதங்களில் அவை எங்கிருந்தன என்பதில்தான் கருத்து வேறுபாடு நிலவியது. அவற்றுள் சில பொந்துகளில் மறைந்து குளிர்காலத்தைக் கழிக்கின்றன என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் எழுதியிருந்தார். அவை ஏரிகளின் அடியில் மூழ்கி உறங்குகின்றன என்ற நம்பிக்கை வட ஐரோப்பாவில் பரவியிருந்தது. உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயசும் இந்நம்பிக்கையை ஏற்றிருந்தார்.

ஒயிட்டின் மடல் நண்பர்கள் இருவரும் இவ்வழக்கில் எதிரெதிர் அணியில் நின்றனர். பறவைகள் கடல்கடந்து வலசை செல்கின்றன என்பது பென்னன்ட்டின் கருத்து. இத்துணைச் சிறிய பறவைகள் கடலைக் கடப்பதை நம்ப இயலாது என்பது பேரிங்டனின் கருத்து. இருவருக்கும் மடல் எழுதிய ஒயிட், தாம் கண்ட சான்றுகளை இருவருக்கும் ஒளிக்காமல் கூறினார்.

வலசைக்குச் சார்பான சான்று அவருடைய குடும்பத்திலிருந்தே கிடைத்தது. அவருடைய தம்பி ஜான், ஐரோப்பாவின் தெற்குப் பகுதியிலுள்ள ஜிப்ரால்டரில் படையினரின் சமயக் குருவாகப் பணியாற்றினார். அங்கிருந்து ஆப்பிரிக்கக் கரை கண்ணுக்குத் தெரியும். இளவேனிலிலும் இலையுதிர்காலத்திலும் தகைவிலான்கள் பெருந்திரளாக நீரிணையைக் கடப்பதை ஜான் கண்டு எழுதினார். செல்போர்னிலும் ஒரு சான்று கிட்டியது. மார்பில் வெண்பிறை போன்ற பட்டையுடைய ரிங் ஊசல் என்னும் பூங்குருவி, செப்டம்பர் இறுதியிலும் ஏப்ரலிலும் சில நாள்கள் மட்டும் குன்றுகளில் தங்கிச் சென்றதை ஒயிட் கண்டறிந்தார். அது வழிப்போக்கராக வந்து செல்லும் வலசைப் பறவை என்பது தெளிவாயிற்று.

எதிரான சான்றும் அவர் கண்முன் இருந்தது. வீடுகளின் இறவாரத்தில் மண்கூடு கட்டும் வீட்டு மார்ட்டின் என்னும் தகைவிலான் வகைப் பறவைகள், அக்டோபரில் ஊரை விட்டு மறைந்தன. ஆனால் சில ஆண்டுகளில், பல நாள்கள் கழிந்தபின், நவம்பர் மாதத்தின் இதமான பகற்பொழுதில் சில மார்ட்டின்கள் ஹேங்கர் சரிவோரம் திடீரெனத் தோன்றி இரை தேடின. கடல்கடந்து சென்றவை எவ்வாறு திரும்பியிருத்தல் கூடும்? அச்சரிவிலேயே அவை ஒளிந்திருந்தனவோ என்ற ஐயம் அவருள் வேரூன்றியது.

சரிவில் நடந்த தேடல்

1781-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். மார்ட்டின்கள் வரும் காலம் நெருங்கியிருந்தது. அவை சரிவில் உறங்குவது உண்மையாயின், வெளிவருமுன் அங்கேயே கண்டுவிடலாம் என்று ஒயிட் கருதினார். இருவரைப் பணியில் அமர்த்தி, ஹேங்கரின் தென்கிழக்கு முனையிலுள்ள புதர்களையும் பொந்துகளையும் ஆராயச் செய்தார். ஒரு பறவையேனும் அகப்பட்டிருந்தால், பல நூற்றாண்டு வழக்கு அன்றே முடிவுக்கு வந்திருக்கும். அவர் நெடுநாள் உள்ளத்தில் கொண்டிருந்த ஐயமும் உண்மையென நிலைபெற்றிருக்கும்.

தேடலில் எதுவும் கிடைக்கவில்லை. ஆட்கள் சரிவைத் துருவிக்கொண்டிருந்த அதே நாளில், ஒரு வீட்டு மார்ட்டின் தெருவின் வழியே பறந்து வந்து, ஒரு வீட்டின் இறவாரத்திலிருந்த பழைய கூட்டிற்குள் நுழைந்தது. ஒயிட் அதையும் நாளைக் குறிப்பிட்டு ஏட்டில் எழுதினார். தம் கருத்துக்கு வலுச்சேர்க்காத செய்தி என்று அதை அவர் விட்டுவிடவில்லை. அதற்காகத் தம் ஐயத்தை அவசரமாகக் கைவிடவும் இல்லை. ஓரிடத்தில் தேடிக் காணாமையால் வேறிடத்திலும் இல்லை என்று முடிவுகட்ட அவர் உள்ளம் ஒப்பவில்லை. வாழ்நாள் முழுவதும் அவ்வினா அவருக்குத் திறந்தே இருந்தது.

இதற்கிடையே உடல்நலக் குறைவும் அவரை வாட்டியது. ஐம்பது வயதைக் கடந்தபின், அவ்வப்போது செவித்திறன் குன்றியது. குரலால் மூன்று இனங்களைப் பிரித்தறிந்தவருக்குப் பறவைகளின் ஒலி கேட்காமற் போயிற்று. பாடல் நிறைந்த மே மாதம், பறவைகள் ஓய்ந்திருக்கும் ஆகத்து மாதத்தைப் போலத் தமக்கு அமைதியாகிவிட்டதாக நண்பருக்கு எழுதி வருந்தினார். எனினும் கண் இருந்தது. காலம் தவறாத பழக்கமும் இருந்தது. குறிப்புகள் தொடர்ந்தன.

நூலான மடல்கள்

தம் குறிப்புகளை நூலாக்குமாறு நண்பர்கள் 1770 அளவிலேயே தூண்டியும், ஒயிட் அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். தகைவிலான், இருவகை மார்ட்டின்கள், உழவாரன் ஆகியவற்றைப் பற்றிய அவருடைய கட்டுரைகள் மட்டும் முன்னரே, 1774, 1775-ஆம் ஆண்டுகளில், இலண்டன் ராயல் சொசைட்டியில் படிக்கப்பட்டன. செல்போர்னின் இயற்கை வரலாறும் தொன்மையும் என்னும் அவருடைய ஒரே நூலை, இலண்டனில் புத்தக வணிகம் செய்த தம்பி பெஞ்சமின் வெளியிட்டார். 1788 இறுதியில் வெளிவந்த அந்நூலின் முகப்பில் 1789 என்று ஆண்டு குறிக்கப்பட்டிருந்தது. இயற்கை வரலாற்றுப் பகுதி, பென்னன்ட்டிற்கும் பேரிங்டனுக்கும் எழுதிய 110 மடல்களால் ஆனது.

அன்று முதல் இன்றுவரை அந்நூல் மீண்டும் மீண்டும் அச்சாகி வருகிறது. சார்லஸ் டார்வின் சிறுவயதில் அதைப் படித்துப் பறவைகளை நோக்கும் ஆர்வம் கொண்டார். பிற்காலத்தில் செல்போர்னுக்கும் சென்றுவந்தார். மண்புழுக்கள் நிலத்திற்குச் செய்யும் நன்மையைப் பற்றி டார்வின் 1881-இல் தனிநூல் வெளியிட்டார். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஒயிட் அந்நன்மையை உணர்ந்து தம் மடல் ஒன்றில் விளக்கியிருந்தார்.

1793-ஆம் ஆண்டு சூன் மாத நடுப்பகுதிவரை ஒயிட் தம் ஏட்டில் எழுதினார். அம்மாதம் 26-ஆம் நாள், தம் 72-ஆம் வயதில் காலமானார். செல்போர்ன் தேவாலய முற்றத்தில் உள்ள அவருடைய சிறிய கல்லறைக் கல்லில் பெயரின் முதலெழுத்துகளும் இறந்த நாளும் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளன.

வந்து சேர்ந்த விடை

ஒயிட் மறைந்து ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர்ப் பறவைகளின் காலில் மெல்லிய வளையமிடும் முறை பரவியது. 1911-ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஒரு தகைவிலானுக்கு எண் பொறித்த வளையம் அணிவிக்கப்பட்டது. 1912 டிசம்பரில் அதே வளையத்துடன் அப்பறவை தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் கண்டெடுக்கப்பட்டது. பென்னன்ட்டும் பேரிங்டனும் வாதிட்ட வழக்கில் அச்சிறு வளையம் தீர்ப்பு வழங்கியது. அதே இனத்தைச் சேர்ந்த ஆசியத் தகைவிலான்கள் குளிர்காலத்தில் தமிழ்நாட்டிற்கும் வந்து, வயலோர மின்கம்பிகளில் வரிசையாக அமர்கின்றன. கோடை தொடங்கும்போது அவையும் வடக்கே திரும்புகின்றன.

ஆயினும் ஒயிட் தேடிய வீட்டு மார்ட்டின் தன் மறைபொருளை இன்னும் முழுவதும் வெளியிடவில்லை. அது ஆப்பிரிக்காவுக்குச் செல்கிறது என்பது உறுதி. அக்கண்டத்தின் எந்தெந்தப் பகுதிகளில் குளிர்காலத்தைக் கழிக்கிறது என்பது இன்றும் போதிய அளவு தெளிவாகவில்லை. அவருடைய வினாவில் ஒரு பகுதி இன்னும் விடைக்காகக் காத்திருக்கிறது.

மார்ட்டின்கள் சரிவில் உறங்கக்கூடும் என்ற அவருடைய ஐயம் தவறென்று காலம் காட்டிவிட்டது. ஆனால் நாளும் இடமும் குறித்து அவர் எழுதிய வரிகளுள் பெரும்பாலானவை இன்றும் பயன்படுகின்றன. பருவநிலை மாற்றத்தால் பறவைகளின் வருகை நாள் முன்பின்னாக மாறுவதை ஆராய்வோர், பழைய குறிப்பேடுகளைத் தேடிச் செல்கின்றனர். தாம் விரும்பிய விடையைக் காட்டிலும் தாம் கண்ட உண்மைக்கு முதலிடம் தந்தமையால், ஒரு சிற்றூரின் நாட்குறிப்பு உலகின் அறிவுச் செல்வமாயிற்று. செல்போர்னில் ஈபிடிப்பான் இன்றும் மே மாதத்தில் வருகிறதா, எந்த நாளில் வருகிறது என்று அறிய விரும்புவோர்க்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நாள் எழுதி வைக்கப்பட்டுள்ளது. அந்த நாளை எழுதியவர் கில்பர்ட் ஒயிட்.